1:50 ஜேசிபி 3சிஎக்ஸை நம்ம ஊர் 3டிஎக்ஸ் ஆக மாற்றுவது எப்படி?

ராசிபுரம்_பிரபு:

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா சொந்தமாக வாங்கிய முதல் வண்டி ஒரு ஜேசிபி 3டிஎக்ஸ், டூ வீல் டிரைவ், ஏசி இல்லாதது. வாய்க்கால், செப்டிக் டேங்க் குழி, பண்ணைக்குட்டை, வீட்டு அஸ்திவாரம் என்று எங்கள் பக்கம் அந்த வண்டி போகாத ஊர் கிடையாது. அப்புறம் அதை விற்றுவிட்டுப் பெரிய பொக்லைன் எடுத்தார், ஆனால் இன்றைக்கும் நாலு பேர் உட்கார்ந்தால் அவர் பேசுவது அந்தப் பழைய வண்டியைப் பற்றித்தான். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு அந்த வண்டியையே சின்னதாகச் செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வெறும் "ஒரு ஜேசிபி பொம்மை" வேண்டாம், பார்த்ததும் "இது என் வண்டிடா" என்று அவர் சொல்ல வேண்டும்.

கையில் இருப்பது 1:50 அளவில் (நிஜ வண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு) டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) 3சிஎக்ஸ் மாடல், இங்கிலாந்தில் ஓடும் மாதிரி, ஃபோர் வீல் டிரைவ். நம்ம ஊர் வண்டி பக்கத்தில் வைத்தால் முன் டயர் குண்டாகத் தெரிகிறது. ஹைட்ராலிக் ஹோஸ் (ஆயில் போகிற குழாய்) ஒன்றுகூட இல்லை. பக்கெட் முதல் பானெட் வரை எல்லாம் ஒரே பளபளப்பு. மாமா வண்டியில் முன் கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பேரும் பின் பூமில் (பின்னால் தோண்டுகிற பெரிய கையில்) போன் நம்பரும் எழுதியிருக்கும், அதுவும் வேண்டும்.

பெயிண்ட் முழுவதையும் எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டுமா? ஹோஸுக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்? எழுத்துக்கு ரேடியம் ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கினால் போதுமா? மண், அழுக்கு எவ்வளவு போடலாம்? என்னிடம் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் கருவி) இல்லை. ஸ்ப்ரே கேன், சின்ன டிரில், பொறுமை மூன்றும் இருக்கின்றன. மாமா வண்டியின் பழைய போட்டோ நிறைய இருக்கிறது, ஆயுத பூஜை அன்று எடுத்ததும் சேர்த்து.

கோவை_1பை50:

பிரபு, முதல் கேள்விக்கு முதல் பதில்: பெயிண்ட்டைத் தொடாதீர்கள். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் சரி, உங்களுக்கு மஞ்சள் மஞ்சளாகவே இருக்கப்போகிறது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் மெல்லியதாகவும் சீராகவும் இருக்கும், ஸ்ப்ரே கேனில் அந்த மெல்லிசு வராது, கிரில், போல்ட் தலை மாதிரி நுணுக்கமெல்லாம் மூழ்கிவிடும். யாராவது காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். டைகாஸ்ட் உடம்பு துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம், காஸ்டிக் இரண்டையுமே அரிக்கும்.

பிரித்துப் போடுவது அவசியம். அடியில் திருகு இருந்தால் சுலபம், ரிவெட் என்றால் விரிந்த தலையை மட்டும் 3 மி.மீ. டிரில்லால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள், தண்டு அப்படியே இருக்கட்டும், பிறகு அதன் நடுவில் துளை போட்டு 2 மி.மீ. ஸ்க்ரூ ஏற்றிக்கொள்ளலாம். கண்ணாடிகளைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். கடைசி வரை அந்தப் பக்கம் ஃபெவிக்விக் போகவே கூடாது, அதன் ஆவி பட்டாலே கண்ணாடி பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும். திரும்ப ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறம் தெரியாது.

இப்போது டயர். மாமா வண்டியில் முன் டயர் 9.00-16, பின் டயர் 16.9-28 ஆக இருக்கும், போட்டோவில் டயர் ஓரத்தைப் பெரிதாக்கி ஒருமுறை சரிபாருங்கள். 9.00-16 நிற்கும் உயரம் சுமார் 90 செ.மீ., அதை 50ஆல் வகுத்தால் 18 மி.மீ. அகலம் 9 அங்குலம், அதாவது 23 செ.மீ., உங்களுக்கு 4.6 மி.மீ. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு முன்னால் 12.5 அங்குல டயர் வரும், அது 6.4 மி.மீ. ஆகிவிடும். கண்ணை உறுத்துவது இந்த இரண்டு மில்லிமீட்டர்தான். பின் டயர் 28 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டும், அனேகமாக அப்படியே ஒத்துவரும், அளந்து பாருங்கள்.

முன் டயருக்கு ஒரு வழி இருக்கிறது. டூ வீல் டிரைவ் முன் டயரில் பட்டன் கிடையாது, டயரைச் சுற்றி ஓடும் வரிகள்தான். ஹைட்ராலிக் ஸ்பேர் விற்கும் கடையில் வெளிவிட்டம் 18 மி.மீ., தடிப்பு 1.5 மி.மீ. ஓ-ரிங் கேளுங்கள். மூன்றை ஒட்டிப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் 4.5 மி.மீ., வரியும் தானாக வந்துவிடும். மேல் வளைவை உப்புத்தாளில் லேசாகத் தட்டையாக்கினால் நிஜ டயர்தான். ரிம்முக்குப் பழைய சக்கரத்தைக் கடைந்து சின்னதாக்கலாம், இல்லையென்றால் ரெசினில் 3டி பிரிண்ட் எடுக்கலாம்.

டயரை மாற்றினால் ஆக்ஸிலையும் மாற்றியாக வேண்டும், பலர் விட்டுவிடும் இடம் இது. ஃபோர் வீல் டிரைவ் ஆக்ஸிலின் நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை துருத்திக்கொண்டு நிற்கும், கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு ஷாஃப்ட் போகும். டூ வீலில் இரண்டும் கிடையாது, நேரான உத்தரம் போல ஒரு ஆக்ஸில், அவ்வளவுதான். உருண்டையை அரத்தால் ராவி எடுத்து, 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் பெட்டி மாதிரி கட்டி மூடிவிடுங்கள்.

முன் பக்கெட்டையும் பாருங்கள். இங்கிலாந்து மாதிரிகளில் பெரும்பாலும் வாய் பிளக்கிற சிக்ஸ் இன் ஒன் பக்கெட் வைத்திருப்பார்கள், பக்கெட் முதுகிலேயே இரண்டு சின்ன சிலிண்டர் இருக்கும். மாமா வண்டியில் சாதாரண 1.1 கன மீட்டர் பக்கெட்டாகத்தான் இருந்திருக்கும். சிலிண்டரை வெட்டி எடுத்து, பிளவுக்கோட்டில் பட்டி போட்டுத் தேய்த்தால் முடிந்தது. பின்னால் நீளும் டிப்பர் (பூம் நுனியில் பக்கெட்டைப் பிடித்திருக்கும் கை) இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் நம்ம ஊரில் அபூர்வம்.

ஹோஸ். இதில்தான் மாடல் உயிர் பெறும். நிஜ வண்டியில் பூம் மேலே போகிற ஹோஸ் வெளிப்புறம் 25 மி.மீ. வாக்கில் இருக்கும், ஆக உங்களுக்கு வேண்டியது அரை மில்லிமீட்டர். லேன் கேபிளை உரித்து உள்ளே இருக்கும் ஒயரைப் போடுகிறார்கள், அதன் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தால் 1 மி.மீ. வந்துவிடும், அளவில் 5 செ.மீ. குழாய், தப்பு. செம்பை மட்டும் எடுத்தால் அளவு சரி, ஆனால் பூமை ஆட்டினால் மேலே அடித்த கருப்பு உதிரும். நான் பயன்படுத்துவது 30 கேஜ் வயர்-ராப் ஒயர், கருப்பு நிறம். உறையோடு சேர்த்தே அரை மி.மீ. தான். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும், ஆன்லைனிலும் இருக்கிறது. ஹோஸ் முனையில் இருக்கும் இரும்புப் பிடிக்கு மெடிக்கல் ஷாப்பில் 20 கேஜ் ஊசி வாங்கி, கட்டிங் டிஸ்க்கால் 1 மி.மீ. துண்டு துண்டாக நறுக்கிக் கோத்துவிடுங்கள். அந்த ஊசியின் உள்துளை 0.6 மி.மீ., ஒயர் கச்சிதமாகப் போகும். நறுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

ஹோஸ் நீளத்தைப் பூமை முழுசாக நீட்டி வைத்துத்தான் அளக்க வேண்டும். மடித்த நிலையில் அளந்தால் நீட்டும்போது பிடுங்கிக்கொண்டு வரும். மடிக்கும்போது பூமுக்கும் டிப்பருக்கும் நடுவில் அது வளைந்து வெளியே தொங்க வேண்டும், நிஜத்திலும் அப்படித்தான் தொங்கும்.

எழுத்துக்காரன்:

ரேடியம் ஸ்டிக்கர் வேண்டாம் ப்ரோ. ஒட்டுகிற வினைல் தடிப்பு குறைந்தது 0.08 மி.மீ. இருக்கும், 1:50இல் அது 4 மி.மீ. தகடு. பூம் மேல் பலகை ஆணியடித்த மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். வாட்டர் ஸ்லைடு டெகல் பேப்பர் (தண்ணீரில் நனைத்தால் எழுத்து நழுவி வந்து ஒட்டிக்கொள்ளும் தாள்) வாங்கி லேசர் பிரிண்டரில் அடியுங்கள். மஞ்சள் மேல் கருப்பு எழுத்து என்றால் கண்ணாடி மாதிரி இருக்கும் பேப்பர் போதும். கண்ணாடிக்கு மேலே சாமி பேர் சிவப்பிலோ வெள்ளையிலோ இருந்தால் வெள்ளை பேப்பர்தான், பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பின்னணி நிறத்தையும் சேர்த்தே அடித்து ஓரத்தோடு வெட்டுங்கள்.

எழுத்தை ஃபான்ட்டில் தட்டச்சு செய்யவே வேண்டாம். பழைய போட்டோவிலிருந்து அந்த எழுத்தையே வெட்டி எடுத்து, கோணத்தை நேராக்கி, அளவைக் குறைத்துப் போடுங்கள். ஊர் ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதிய சுழி ஒன்று இருக்கும் பாருங்கள், மாமா அதை உடனே கண்டுபிடிப்பார். நம்பர் பிளேட்டையும் போட்டோவிலிருந்தே எடுங்கள், 340-க்கு 200 பிளேட் என்றால் 6.8-க்கு 4 மி.மீ. வரும்.

ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடியுங்கள், மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுக்கும். எல்லாம் காய்ந்த பிறகு மேலே மேட்.

பேக்ஹோ_முருகேசன்:

தம்பி, எனக்கு மாடல் செய்யத் தெரியாது, வண்டி தெரியும். எஸ்கார்ட்ஸ் ஜேசிபி என்று பேர் இருந்த காலத்தில் ஹெல்ப்பராக ஏறியவன். இங்கே போடுகிற மாடல் போட்டோக்களில் பாதிக்கு மேல் பார்த்தால் வண்டி முழுக்க ஒரே மாதிரி துருவும் புழுதியும் அப்பியிருக்கிறது. வேலை செய்கிற வண்டி அப்படி இருக்காது, வயலில் நிறுத்திப் பத்து வருஷம் யாரும் தொடாத வண்டிதான் அப்படி இருக்கும்.

பக்கெட் பல்லை எடுத்துக்கொள். தினமும் மண்ணைத் தோண்டுகிற பல் துருப்பிடிக்காது, எவர்சில்வர் மாதிரி மின்னும். ராத்திரி மழை பெய்தால் காலையில் செம்பட்டையாக ஒரு பூச்சு தெரியும், நாலு பக்கெட் மண் எடுத்தால் அதுவும் போய்விடும். பல் ஐந்தும் ஒரே நீளத்தில் இருக்காது, ஓரத்துப் பல் சீக்கிரம் தேயும், அதில் ஒன்று புதுசாக மாற்றியதாக இருக்கும். பக்கெட் உள்ளே நடுப்பகுதி வழுவழுப்பாக, மூலையில் மண் இறுகிப்போய் இருக்கும். முன் பக்கெட்டின் கத்தியும் அடிப்பாகமும் அதே மின்னல்.

சிலிண்டர் ராடு எப்போதும் சுத்தம். இதை மட்டும் மறக்காதே. அதன் மேல் புழுதியோ துருவோ வரைந்தால் சீல் போய்விட்ட வண்டி என்று உன் மாமா முதல் பார்வையில் சொல்லிவிடுவார். அதே நேரத்தில் ஒவ்வொரு பின்-புஷ் (மூட்டில் இருக்கும் இரும்பு ஆணியும் அதன் உறையும்) ஓரத்திலும் கிரீஸ் பிதுங்கி, அதில் மண் ஒட்டிக் கருப்பு வளையமாக இருக்கும். கிரீஸ் அடிக்கிற நிப்பிளைச் சுற்றியும் அப்படித்தான்.

ஏறுகிற படியில் பெயிண்ட் இருக்காது, கைப்பிடியிலும் இருக்காது. டீசல் மூடிக்குக் கீழே வழிந்த தடம், அதில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். புகைக்குழாய் வாய் கரி. பின்னால் ஊன்றுகிற ஜாக் பாதத்தின் அடி தேய்ந்து இரும்பு தெரியும். பின் டயரில் பட்டன் மேல்முனை ரோட்டில் ஓடிச் சுத்தமாக இருக்கும், இடுக்கில்தான் மண். ஏசி இல்லாத வண்டி என்றால் வெயில் காலத்தில் கதவைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவோம், பின் கண்ணாடி மேலே தூக்கியிருக்கும், சீட் முதுகில் ஒரு துண்டு, ஓரத்தில் தண்ணி கேன்.

நிறுத்தும் முறையும் முக்கியம். வேலை முடிந்து நிற்கிற வண்டி முன் பக்கெட்டைத் தரையில் பதித்துத்தான் நிற்கும். அந்தரத்தில் தூக்கி நிறுத்திவிட்டு எந்த ஆபரேட்டரும் இறங்க மாட்டான்.

செட்டிநாடு_மினியேச்சர்:

முருகேசன் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. வண்டி விவரம் எல்லாம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கொடுப்பது அறுபதாம் கல்யாணத்துக்கு, மணையில் உட்கார்ந்திருப்பவர் கையில் சேறு பூசிய வண்டியைக் கொடுப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. பிரபு, உங்களிடம் ஆயுத பூஜை போட்டோ இருக்கிறது என்றீர்களே, அந்த நாளைச் செய்யுங்கள்.

வாட்டர் சர்வீஸ் போய்வந்த வண்டி. புழுதி கிடையாது, ஆனால் தேய்மானம் அத்தனையும் இருக்கும். சந்தனம், குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஒன்றரை மீட்டர் கன்று 3 செ.மீ. தான், டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்து, நடுவில் மெல்லிய கம்பி வைத்து இலை செய்யலாம். சாமந்தி ஒன்று 5 செ.மீ. என்றால் 1 மி.மீ. மணி. பஞ்சுத் துணுக்கை மஞ்சளில் தோய்த்து உலர்த்தி நூலில் ஒட்டிக்கொண்டே போக வேண்டியதுதான், பொறுமை இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்களே! எலுமிச்சம்பழம் 0.8 மி.மீ., டயருக்கு ஒன்று. சந்தனப் பொட்டுக்குப் பல் குத்தும் குச்சி முனை போதும், முதலில் மஞ்சள் காவி, அது காய்ந்ததும் நடுவில் சிவப்பு.

பேக்ஹோ_முருகேசன்:

இது நல்ல யோசனை, நான் ஒத்துக்கொள்கிறேன். தண்ணி அடித்துக் கழுவினாலும் போகாதது எது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பின்-புஷ் ஓரத்துக் கிரீஸ் போகாது, அன்றைக்குப் புது கிரீஸ் வேறு அடித்திருப்போம். புகைக்குழாய்க் கரி போகாது. படியின் தேய்மானம், பூம் பக்கவாட்டில் கல் பட்ட கீறல், பக்கெட் மின்னல் எதுவும் போகாது. சேஸ் உள்ளே, ஹோஸ் கூட்டமாகப் போகிற இடத்தில் பழைய மண் இருந்துகொண்டேதான் இருக்கும், அங்கே கை நுழையாது. டயருக்குக் கருப்பு பாலிஷ் போட்டிருப்போம்.

ராசிபுரம்_பிரபு:

அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆயுத பூஜை வண்டிதான், முடிவு செய்துவிட்டேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்துப் பல் ஒன்று நிஜமாகவே புதுசு! டயரும் 9.00-16 தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏர்பிரஷ் இல்லாமல் இந்தத் தேய்மானத்தையும் கிரீஸையும் எப்படிப் போடுவது? அப்புறம், தப்பானால் கைவசம் இருக்கட்டும் என்று வெளிநாட்டிலிருந்து இன்னொரு மாடல் வரவழைத்து வைத்துக்கொள்ளட்டுமா?

கோவை_1பை50:

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். அளவு மாடல்கள் சுங்கத்தில் பொம்மைகளோடு 9503 என்ற தலைப்பில்தான் வருகின்றன. அதற்கு அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆக்கினார்கள், மற்ற வரி தனி. அந்தக் காசுக்கு இங்கேயே பெட்டி இல்லாத, கண்ணாடி உடைந்த மாடல் ஒன்றை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம், உதிரிக்கு அது போதும். கீறல் போட்டுப் பழகவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானத்துக்கு ஏர்பிரஷ் தேவையே இல்லை. மின்னுகிற இரும்புக்கு 6பி பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, விரல் நுனியில் தொட்டுப் பக்கெட் கத்தியிலும் பல்லிலும் அழுத்தித் தேயுங்கள். அடியில் கரும்பழுப்பு அக்ரிலிக் இருந்தால் பிரமாதமாக எடுக்கும். இதை எல்லா வார்னிஷும் அடித்து முடித்த பிறகுதான் செய்ய வேண்டும், மேலே மேட் பட்டால் மின்னல் அடங்கிவிடும். சிலிண்டர் ராடுக்கும் அதே காரணம், வார்னிஷ் அடிக்கும்போது அதன் மேல் மாஸ்கிங் டேப் சுற்றி வைத்துவிடுங்கள்.

கீறலுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து, கரும்பழுப்பில் தொட்டு, பேப்பரில் முக்கால்வாசியை ஒற்றி எடுத்துவிட்டு, படி ஓரத்திலும் பூம் பக்கவாட்டிலும் தட்டுங்கள். 1:50இல் ஒரு மி.மீ. புள்ளி என்பது 5 செ.மீ. பெயிண்ட் பெயர்ந்த இடம், அதனால் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவிலேயே நிறுத்திவிட வேண்டும்.

கிரீஸுக்கு ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பரும் கருப்பும் கலந்து, டர்பன்டைன் சேர்க்காமல் கெட்டியாக, ஊசி முனையால் பின்-புஷ் ஓரத்தில் வையுங்கள். காய மெதுவாகும், ஒரு வாரம் தூசி படாமல் மூடி வைக்க வேண்டும். அதே கலரை நிறைய டர்பன்டைனில் கரைத்து மெல்லிய பிரஷ்ஷால் போல்ட் ஓரத்திலும் கதவு இடுக்கிலும் தொட்டால் தானாக ஓடி நிற்கும். கீழே அக்ரிலிக் வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் டெகலையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

சேஸ் உள்ளே போடும் மண்ணுக்கு ராசிபுரம் மண்ணையே எடுங்கள், ஆனால் வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, மெல்லிய வேட்டித் துணியில் சலித்த பிறகு. சலிக்காமல் போட்டால் கால் மி.மீ. மணல் ஒன்றேகால் சென்டிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். ஒட்டுவதற்கு ஃபெவிகாலில் நாலு பங்கு தண்ணீர். ஈரத்தில் நிறம் கறுக்கும், பயப்படாதீர்கள், காய்ந்தால் திரும்பிவிடும்.

வரிசை இதுதான்: பிரிப்பது, ஆக்ஸில், பக்கெட் வேலை, அதற்கு மட்டும் மஞ்சள் டச்சப், ஹோஸுக்குத் துளை, கிளாஸ், டெகல், கீறல், மேட், ஆயில் கலர், சேஸ் மண், பிறகு ஹோஸ், கடைசியில் பென்சில் தூளும் கண்ணாடியும். மாலையும் வாழைக்கன்றும் மாடலில் ஒட்டாமல் அடிப்பலகையிலும் கொக்கியிலும் நிற்கும்படி செய்யுங்கள். மாமா பூமை ஆட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

எழுத்துக்காரன்:

டெகலை இரண்டு செட் அடித்து வைத்துக்கொள்ளுங்கள் பிரபு, பூம் வளைவில் ஒட்டும்போது ஒன்று மடங்கினால் மாற்று கையில் இருக்கும். எழுத்துப் போட்டோவை அனுப்பினால் கோணம் நேராக்கி நானே தயார் செய்து தருகிறேன்.